பண்ணையம் நடக்கும் நாளில் விருந்தினரை அனுப்புங்கள்
கொங்கு மாவட்டங்களின் சுற்றுலா, வேளாண்மை அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஈரோடு, திருப்பூர், கோயம்புத்தூர், கரூர், நாமக்கல், சேலம் மாவட்டங்களின் சுற்றுலா, வேளாண்மை, தோட்டக்கலைத் துறை அலுவலர்கள், ஊராட்சிப் பொறுப்பாளர்கள்.

மதிப்பிற்குரியோர் அனைவருக்கும் வணக்கம்.

சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் இடைப்பட்ட பகுதியில், கீழ்பவானி வாய்க்காலுக்குக் கீழே சிறிது வயலும் மேலே வாய்க்கால் தண்ணீர் ஏறாத சிறிது மேட்டாங்காடும் வைத்துப் பண்ணையம் பார்க்கும் குடும்பத்தைச் சேர்ந்த பெண் நான். திருப்பூரிலிருந்தும் கோவையிலிருந்தும் விடுமுறை நாட்களில் குழந்தைகளோடு கிளம்பித் தோட்டம் பார்க்கவும் ஊர்ச் சாப்பாடு சாப்பிடவும் எங்கள் பக்கம் வருவோர் இப்போது கூடிவிட்டார்கள். இதை மனதார வரவேற்கிறேன். விளைபொருளுக்கு விலை நிலைக்காத ஊரில், ஓர் இலைச் சாப்பாட்டுக்கும் ஒரு பை கடலைக்காய்க்கும் கையோடு பணம் கொடுக்க ஒருவர் வாசலுக்கே வருகிறார் என்றால், அதை வேண்டாம் என்று சொல்லும் நிலையில் எந்த விவசாயியும் இல்லை. இந்த வருகை இனி எந்த வடிவம் எடுக்கப் போகிறது என்பதை முடிவு செய்யும் இடத்தில் நீங்கள் இருப்பதால்தான் இம்மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

பண்ணைச் சுற்றுலா என்ற பெயரில் நீங்கள் எதை ஊக்குவித்தாலும் அது பண்ணையத்தின் நாட்காட்டிப்படி நடக்க வேண்டும். விருந்தினர் சாப்பிடுவது அந்தந்த மாதத்தில் அந்தந்தக் காட்டில் விளைந்ததாக இருக்க வேண்டும். அதற்கான பணம் சமைத்த வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த மூன்றையும் ஒரே கோரிக்கையாகவே வைக்கிறேன், ஏனெனில் ஒன்றை விட்டால் மற்ற இரண்டும் நிற்காது.

முதலில் காலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெளிநாடுகளில் குடியேறிய எங்கள் ஊர்ப் பிள்ளைகள், அங்கே செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மக்கள் குடும்பத்தோடு ஆப்பிள் தோட்டத்துக்கும் பூசணி வயலுக்கும் போய்த் தாங்களே பறித்து, அங்கேயே செய்து விற்கும் பலகாரத்தைத் தின்றுவிட்டு வருவதைப் பற்றி ஆசையோடு பேசுவார்கள். அந்த மாதங்களில் அங்கே இலை பழுத்து உதிர்கிறது. இங்கே அதே மாதங்களில்தான் காடு பச்சை கட்டுகிறது. ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்று தனிப்பொழுதாகவே நம் முன்னோர் பிரித்து வைத்தார்கள். மேற்கு மலைத்தொடரின் மழைமறைவில் கிடக்கும் காங்கேயம், தாராபுரம் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவம் கொண்டுவருவது பெரும்பாலும் காற்றைத்தான். ஆடி, ஆவணியில் அந்தக் காற்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போன பிறகு, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால்தான் மானாவாரிக் காட்டில் உயிர் தெரியும். ஆகவே, இந்த ஊரை ஒருவர் நல்ல நிலையில் பார்க்க வேண்டுமானால் ஐப்பசி பிறந்ததிலிருந்து தை நோம்பி (பொங்கல்) முடியும் வரையிலான காலத்தில் வர வேண்டும். நடைமுறையிலோ பள்ளிக்கூடம் மூடியிருக்கும் சித்திரை, வைகாசியில்தான் வண்டிகள் வருகின்றன. பெயர் குறிப்பிட வேண்டாத ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர், வைகாசி வெயிலில், வாய்க்கால் வறண்டு கிடக்கும்போது ஒரு பேருந்து நிறைய ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, படம் பிடிக்கப் பச்சை வயல் எங்கே என்று எங்களைக் கேட்டார். வயல் இருந்தது, பச்சைதான் இல்லை.

வாய்க்கால் கணக்கு உங்களில் வேளாண்மைத் துறையினருக்குத் தெரிந்ததுதான். சுற்றுலாத் துறையினருக்காகச் சொல்கிறேன். பவானிசாகர் அணை 1955-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதிலிருந்து வரும் கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, 2,07,000 ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. அத்தனை நிலத்துக்கும் ஒரே போகத்தில் நெல்லுக்குத் தண்ணீர் விட முடியாது என்பதால், பாதி ஆயக்கட்டுக்கு (பாசன நிலத்துக்கு) ஆகஸ்ட் நடுவில் நெல்லுக்கும், மீதிப் பாதிக்கு அடுத்த போகத்தில் கடலை, எள் போன்ற புன்செய்ப் பயிருக்கும் திறக்கிறார்கள். மறு ஆண்டு இந்த முறை மாறிவிடும். ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று நாங்கள் பேசிக்கொள்வது இதைத்தான். எனவே இந்த ஆண்டு கார்த்திகையில் கதிர் சாய்ந்து நிற்கும் நெல் வயலைக் காட்டிய குடும்பம் அடுத்த கார்த்திகையில் வெறும் தரிசைத்தான் காட்ட முடியும். பக்கத்து மதகுக்காரர் வீட்டில் நெல் நிற்கும். ஓர் ஊரில் ஒரு தோட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, பலகை நட்டு, ஆண்டு முழுவதும் அங்கேயே ஆட்களை அனுப்பும் ஏற்பாடு எங்கள் மண்ணுக்குப் பொருந்தாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். எந்த மதகுக்கு எப்போது தண்ணீர் என்ற அரசாணை வெளிவந்தவுடன், அதை வைத்துக்கொண்டு எந்தெந்த ஊரில் எந்தெந்த மாதம் என்ன பார்க்கலாம் என்ற பட்டியலை ஆண்டுதோறும் புதிதாகப் போடுங்கள். காலிங்கராயன் வாய்க்கால் பகுதி, தடப்பள்ளி–அரக்கன்கோட்டைப் பகுதி, அமராவதிப் பாசனப் பகுதி ஆகியவற்றின் கணக்கு வேறு வேறு. அவற்றையும் அந்தந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

இனி, ஐப்பசியில் வருகிறவருக்கு என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மேட்டாங்காட்டில் ஆடிப்பட்டத்துக் கடலைக்காய் பிடுங்கும் வேலை அப்போதுதான் நடக்கும். மழை பெய்து மண் இளகியிருந்தால் செடியைக் கொத்தாகப் பிடித்து இழுக்கும்போது காய் முழுவதும் கூடவே வரும். மண் இறுகிவிட்டால் பாதிக் காய் உள்ளேயே தங்கிவிடும், பிறகு களைக்கொத்து எடுத்துக்கொண்டு பின்னாலேயே தேட வேண்டும். பிடுங்கிய செடியைத் தட்டி மண் உதிர்த்துக் குவித்து வைத்து, மர நிழலில் வட்டமாக உட்கார்ந்து காய் ஆயும்போது நடக்கும் பேச்சுக்காகவே வேலைக்கு வருகிற கிழவிகள் உண்டு. கூலியை வள்ளம் போட்டு அளந்து காயாகவே வாங்கிப் போவோர் இன்றும் இருக்கிறார்கள். விருந்தினர் யாரும் இதில் சும்மா வேடிக்கை பார்க்க வேண்டியதில்லை. செடியைப் பிடுங்கத் தெரியாத குழந்தை கிடையாது. பிடுங்கிய காயை அங்கேயே உப்புப் போட்டு அவித்துக் கொடுத்தால், அல்லது காய்ந்த செத்தையைக் கொளுத்திச் சுட்டுக் கொடுத்தால், சாம்பல் ஒட்டிய கையோடு அதைத் தின்ற பிள்ளை கடைச் சரக்கை அப்புறம் கேட்காது. இது எங்கள் வேலையைக் கெடுக்காமல் நடக்கிற காரியம் என்பதுதான் இதில் முக்கியம். அன்றைக்கு அந்த வேலை எப்படியும் நடந்தே தீர வேண்டும்.

மஞ்சள் விஷயம் அப்படியல்ல. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு மஞ்சள் காட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வருவோர் கூடியிருக்கிறார்கள். ஐப்பசியில் மஞ்சள் இடுப்புயரம் நிற்கும். இலைகளுக்கு நடுவே வெளிறிய பூ எட்டிப் பார்க்கும். வரப்பில் நடந்து இலையை உரசினாலே வாசம் கையில் ஒட்டும். அதை வரப்பில் நின்று பார்க்கலாம். கிழங்கைத் தோண்டிக் காட்டுங்கள் என்று கேட்பது மட்டும் கூடாது, ஏனென்றால் அது முற்றுவது தை, மாசியில்தான். அந்த மாதங்களில் வருகிறவர்களுக்கு வெட்டுவதையும் கொப்பரையில் வேகவைப்பதையும் களத்தில் காயப்போடுவதையும் காட்டலாம். ஒரு நாள் பெருந்துறை ஏலத்துக்கும் அழைத்துப் போகலாம். மூலனூர், தாராபுரம் பக்கத்தில் கண்வலிக்கிழங்கு பயிரிடும் காடுகளுக்கும் இதைப் போலவே ஒரு கட்டுப்பாடு வேண்டும். அதன் பூவும் நம் மாநில மலருமான செங்காந்தள் ஐப்பசி, கார்த்திகையில் கம்பிப் பந்தலில் படர்ந்து காடே தீப்பற்றியதுபோலப் பூத்து நிற்பதைப் பார்க்கக் கண் போதாது. ஆனால் காலை நேரத்தில் அங்கே ஆட்கள் பூப்பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த வேலை தவறினால் விதை பிடிக்காது, விதைதான் அவர்களுடைய வருமானம். அந்தச் செடியின் கிழங்கு, விதை, இலை எல்லாமே நஞ்சு. அதில் உள்ள கால்ச்சிசின் மருந்துக்குப் பயன்படுகிறது, வாயில் போனால் உயிரையும் எடுக்கும். ஆகவே, அங்கே குழந்தைகளை அனுப்பும்போது பந்தலுக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி என்று எழுத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கொறங்காட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் பகுதிக்கே உரியது அது, சுற்றுலாக் கையேடுகளில் அது கண்ணில் படுவது அபூர்வம். கிளுவை வேலி போட்டு அடைத்த காட்டில் கொழுக்கட்டைப் புல்லும் ஆங்காங்கே வெள்வேலமரமும் வளர விட்டு, காங்கேயம் மாடுகளையும் செம்மறிகளையும் முறை வைத்து மேயவிடும் மேய்ச்சல் நிலம் அது. பல தலைமுறையாக உழுது விதைக்காமல் காப்பாற்றி வந்த நிலமாதலால், மழை பொய்த்த ஆண்டிலும் ஆடு மாடுகளுக்கு அது கைகொடுத்திருக்கிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு புல் முழங்காலுக்கு வந்து நிற்கும்போது அதற்குள் மாடு மேய்வதைப் பார்ப்பவருக்கு, காங்கேயம் மாட்டைச் சுவரொட்டியில் பார்ப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு விளங்கும். செம்பழுப்பாகப் பிறக்கும் கன்று ஆறு மாத வாக்கில் நிறம் மாறிச் சாம்பல் வெள்ளைக்கு வருவதை, ஒரே பட்டியில் நிற்கும் கன்றுகளைக் காட்டியே குழந்தைகளுக்குச் சொல்லிவிடலாம். இங்கே விருந்தினரிடம் நாங்கள் எதிர்பார்ப்பது உள்ளே வந்த பிறகு படலைச் சாத்துவது ஒன்றைத்தான். திறந்து கிடந்த படல் வழியாகப் போன மாட்டை இருட்டில் பக்கத்துச் சோளக்காட்டில் தேடிப் பிடித்து, அந்தக் காட்டுக்காரரிடம் பேச்சு வாங்கி வருவது எப்படிப்பட்ட அலைச்சல் என்பது மாடு வைத்திருப்பவருக்குத்தான் தெரியும். மாடு வாங்கும் ஆசை உள்ளவர்களைப் பழையகோட்டையில் ஞாயிறுதோறும் கூடும் சந்தைக்கு அனுப்புங்கள். விடிந்ததும் வந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள், வெயில் ஏறிய பிறகு வந்தால் கட்டுத்தறியும் சாணமும்தான் மிச்சம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். கொங்கு உணவு என்று பலகை எழுதிய இடங்களில் எந்த மாதமும் ஒரே பட்டியல்தான்: கம்மங்கூழ், நாட்டுக்கோழிக் குழம்பு, பள்ளிபாளையம் சிக்கன், ஒப்புட்டு (போளி). நல்ல பண்டங்கள்தாம், குறை சொல்லவில்லை. கம்மங்கூழ் சித்திரை வெயிலுக்கான கூழ். ஐப்பசி மழையில் அதைக் கேட்டால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சளி பிடிக்கும் என்று தர மாட்டார்கள். புரட்டாசியில் பல வீடுகளில் கறி சமைப்பதே இல்லை. வாசலில் மேயும் நாட்டுக்கோழி ஒரு வீட்டில் பத்துப் பதினைந்துதான் இருக்கும், வாராவாரம் நாற்பது பேருக்கு அடித்துப் போட அது எங்கிருந்து வரும்? அப்படிப் போடுகிறோம் என்று சொல்பவர்கள் வேறு ஏதோ கோழியைப் போடுகிறார்கள் என்பது சமைக்கிறவர்களுக்குத் தெரியும். ஒப்புட்டும் கச்சாயமும் நோம்பிக்கும் ஒறம்பரைக்கும் (விருந்தாக வரும் உறவினருக்கும்) சுடுவது. தினமும் சுட்டால் அதற்கு மதிப்பில்லை என்பது என் எண்ணம்.

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் வீடுகளில் நடக்கும் சமையலைச் சொல்கிறேன். மழை நாளில் அரிசிம்பருப்புதான். சின்ன வெங்காயமும் பூண்டும் சீரகமும் மிளகும் வரமிளகாயும் தாளித்து, தக்காளி வதக்கி, அரிசியையும் துவரம்பருப்பையும் சேர்த்துக் குழைய வேகவிட்டு, மேலே ஒரு கரண்டி நெய் விட்டால் அதற்குத் தொடுகறிகூட வேண்டாம். தயிரும் ஊறுகாயும் போதும். சளி பிடித்தவருக்குக் கொள்ளு ரசம், அந்தக் கொள்ளையே கடைந்தால் சோற்றுக்கு. காலையில் இடியாப்பம் போன்ற சந்தகை பிழிந்தால் பாதிக்குத் தேங்காய்ப் பாலும் நாட்டுச் சர்க்கரையும், மீதிக்கு எலுமிச்சை. இவை எல்லாவற்றையும்விட, கீரையை விருந்தினர் அவசியம் சாப்பிட வேண்டும். மழை விழுந்த பத்துப் பதினைந்து நாளில் மேட்டாங்காட்டில் பண்ணைக் கீரையும் தொய்யக் கீரையும் தானாக முளைக்கும். விதைப்பாரும் இல்லை, விற்பாரும் அதிகம் இல்லை. காலைப் பனி காயும் முன் மடியில் கிள்ளிப் போட்டு வந்து, மண் போக அலசி, சட்டியில் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்து வேகவைத்து, மத்தால் கடைந்து, களியுருண்டைக்கு நடுவே குழி செய்து ஊற்றிச் சாப்பிடும் அந்த ருசி எந்த உணவகத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. களைக்கொல்லி அடித்த காட்டில் இந்தக் கீரை முளைக்காது. ஆகவே, ஒரு வீட்டில் பண்ணைக் கீரைக் கடைசல் போடுகிறார்கள் என்றால், அந்தக் காட்டில் களைக்கொல்லி அடிக்கவில்லை என்பதற்கு வேறு சான்றிதழ் தேவையில்லை. அந்தந்த மாதத்தில் விளைவதைச் சமைக்கும் வீடுகளை உங்கள் பட்டியலில் முதலில் வையுங்கள். இன்ன இன்ன பண்டம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று எந்த வீட்டுக்கும் உத்தரவு போடாதீர்கள்.

அந்தச் சமையலைச் செய்கிறவர்கள் யார் என்பதையும் பேசியாக வேண்டும். விருந்தினர் வருகிறார்கள் என்றால் ஆண்கள் காட்டைச் சுற்றிக் காட்டிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். பெண்கள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பால் கறந்து, சொசைட்டிக்கு ஊற்றி, பிறகு இருபது பேருக்கு அடுப்பு மூட்ட வேண்டும். வந்தவர்களைக் காசு கேட்பதா என்று கூச்சப்படும் பழக்கம் எங்கள் பக்கம் ஆழமாக இருக்கிறது. அந்தக் கூச்சம் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர் வரையில் சரிதான். பணம் கட்டிப் பதிவு செய்து வருகிறவரிடம் ஏற்பாட்டாளர் வாங்கும் தொகையில் சமைத்த பெண்ணின் கைக்கு என்ன வருகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. இலைக்கு இவ்வளவு என்று சமைக்கும் வீடே விலை வைத்து, நேரடியாக வாங்கிக்கொள்ளும் முறை வேண்டும். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழு இயக்கம் 1989-இல் பழைய தகடூர் மண்ணான தருமபுரியில்தான் தொடங்கியது. இன்று குழு இல்லாத ஊர் எங்கள் பக்கம் இல்லை. ஓர் ஊரில் வாரம் ஒரு வீடு என்று குழுவே முறை வைத்துக்கொண்டால் ஒரே வீட்டுப் பெண் இடுப்பொடிய வேண்டியதில்லை, பணமும் ஊருக்குள் பரவும். இன்னொன்று: விறகடுப்பில் சமைத்தால்தான் வருவோம் என்று நிபந்தனை போடும் அமைப்பாளர்கள் இருக்கிறார்கள். புகையில் கண்ணெரிந்து இருமுவது அவர்கள் இல்லையே. களியை விறகடுப்பில் கிண்டலாம், மற்றதை வாயு அடுப்பில் செய்துகொள்ளும் உரிமையை எங்களுக்கு விட்டுவிடுங்கள்.

சட்டத்துக்குப் பயந்து ஒதுங்கி நிற்கும் வீடுகளும் உண்டு. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-இல் வந்தது. அதன் கீழ் 2011-இல் வந்த விதிகளே, ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்கு மிகாத சிறு தொழிலைப் பெரிய உரிமம் இல்லாமல் எளிய பதிவோடு நடத்த வழி வைத்தன. எங்கள் ஊரில் இது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் இணையத்தில் விண்ணப்பிக்க இடைத்தரகருக்குப் பணம் கொடுக்கிறார்கள். ஆவணி மாதத்தில் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு முகாம் போட்டு, தண்ணீரைச் சோதித்து, பதிவையும் அங்கேயே முடித்துக் கொடுத்தால் ஐப்பசிக்கு வீடுகள் தயாராகிவிடும். அரசு மனது வைத்தால் இது நடக்காத காரியமும் இல்லை. 1999 நவம்பர் 14-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டம், அடையாள அட்டை ஒன்றைக் கையில் கொடுத்து விவசாயியைத் தராசுக்கு முன்னால் உட்கார வைத்தது. கோவையில் காலை ஐந்தரை மணிக்கு உழவர் சந்தைக்குப் போனவர்கள் அதன் பலனை அறிவார்கள். வேளாண் சுற்றுலாவுக்கென்றே மகாராஷ்டிரம் 2020-இல் தனிக் கொள்கை வகுத்தது. தமிழ்நாடும் 2023-இல் சுற்றுலாக் கொள்கை ஒன்றை வெளியிட்டிருக்கிறது. அதை எங்கள் அளவுக்கு இறக்கிக் கொண்டுவரும் வேலை மாவட்ட அலுவலகங்களில்தான் நடக்க வேண்டும். கொள்கையின் பலன் பத்து ஏக்கரில் நீச்சல்குளமும் செயற்கைக் கிராமமும் கட்டுகிறவருக்கு மட்டும் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது. மாடு பூட்டாத வண்டியும் தண்ணீர் இறைக்காத கமலையும் வைத்த இடத்தைப் பண்ணை என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு, கசப்பான ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். வாய்க்கால் கரையிலும் மர நிழலிலும் சனி, ஞாயிறுகளில் கார்கள் நிற்பதைப் பார்த்தால் எங்களுக்கு முதலில் வருவது பயம்தான். குடித்துவிட்டுக் கரையில் அடித்து உடைக்கும் புட்டியின் சில்லுகள் மதகு வழியாக வயலுக்குள் வந்து சேற்றில் புதைந்துகொள்கின்றன. நடவு வேலை செருப்புக் காலோடு செய்யும் வேலை அல்ல. குனிந்து நடும்போது குதிகாலில் கண்ணாடி ஏறி, சேறும் ரத்தமுமாக வரப்பில் உட்கார்ந்த பெண்ணுக்கு அன்றைய கூலி போவதோடு, ஒரு வாரம் வேலைக்கு இறங்கவும் முடியாது. மாட்டுக் குளம்பில் ஏறினால் இன்னும் மோசம். காலி மதுப்புட்டிக்குப் பத்து ரூபாய் திருப்பிக் கொடுக்கும் திட்டம் 2022-இல் நீலகிரியில் தொடங்கிப் பிறகு கோவை போன்ற மாவட்டங்களுக்கும் வந்தது. வாய்க்கால் ஓடும் ஊர்களில் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துங்கள். வார இறுதியில் கரையில் ஒரு காவலரை ரோந்து வரச் சொல்லுங்கள். பட்டியலில் இடம்பெறும் எந்த வீட்டுக்கும் மதுவோடு வரக் கூடாது என்ற விதியை நீங்களே எழுதிவிட்டால், வந்தவரிடம் சண்டை போடும் வேலை எங்களுக்கு மிச்சமாகும்.

கிணறுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்துக் கிணறுகள் ஆழமானவை, பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. மழைக்காலத்தில் தண்ணீர் மேலேறி நிற்கும்போது நகரத்துப் பிள்ளைகளுக்குக் குதிக்க ஆசை வரும். நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் யாரையும் கிணற்றுப் பக்கம் விடக் கூடாது. மயில்களுக்குத் தீனி போட்டுப் பழக்கக் கூடாது என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். விருந்தினருக்கு அது அழகு, எங்களுக்கு அது விதைத்த கடலையைக் கிளறித் தின்னும் பறவை. தேசியப் பறவை ஆகையால் விரட்டுவதற்கே தயங்க வேண்டியிருக்கிறது.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள் உங்கள் வழியாகப் போகட்டும். காலாண்டு விடுமுறையை ஒட்டி, ஐந்தாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளை இருபது இருபதாகப் பிரித்து அனுப்பினால் போதும். ஒரே நாளில் நான்கு பேருந்துகள் வந்தால் அவர்களால் எதையும் பார்க்க முடியாது, எங்களாலும் ஒரு வேலையும் செய்ய முடியாது. மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் நூறு வயதைக் கடந்தும் வயலில் இறங்கிய பாப்பம்மாள் பாட்டிக்கு 2021-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அவர் 2024-இல் மறைந்தார். அவரைப் போல மண்ணைப் படித்த கிழவிகள் இன்னும் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள். பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார வைத்துக் காய் ஆயச் சொல்லுங்கள். வழிகாட்டி என்று தனியாக ஓர் ஆளை நியமிக்க வேண்டியதில்லை. அந்தப் பாட்டிக்கு அன்றைய கூலியைக் கொடுத்தால் போதும்.

இந்த ஆண்டு மதகு திறப்பு அறிவிப்பு வந்தவுடன், உங்கள் துறைகள் மூன்றும் சேர்ந்து, எங்களையும் அழைத்து, ஊராட்சி அளவில் ஒரு கூட்டம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பெண்களுக்கும் அழைப்பு வர வேண்டும், அதுவும் கணவர் பெயரில் இல்லாமல் அவரவர் பெயரிலேயே வர வேண்டும். நேரத்தைப் பொறுத்தவரை, பகல் பதினொன்றரைக்கு மேல் மூன்று மணிக்குள் எப்போது வேண்டுமானாலும் வையுங்கள். நான்கு மணிக்கு மேல் வைத்தால் மாடு கறக்கும் நேரமாகிவிடும், பாதிப் பேர் வர மாட்டோம்.

இப்படிக்கு,
கீழ்பவானி ஆயக்கட்டு விவசாயி ஒருவர்,
சென்னிமலை – காங்கேயம் பகுதி.